ஏ.சி. சர்வீஸில் ஒருமுறை வந்த கஸ்டமர் ஏன் திரும்பக் கூப்பிடுவதில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் ஏ.சி. டெக்னீஷியனாக இருந்துவிட்டு, போன வருஷம் பிப்ரவரியில் மும்பை செம்பூரில் சொந்தமாக சர்வீஸ் ஆரம்பித்திருக்கிறீர்கள். முதல் சீசனில் 340 வீடு பார்த்தீர்கள், அந்த 340 வீட்டில் இந்த வருஷம் திரும்பக் கூப்பிட்டது 41 வீடு. "பக்கத்தில் எல்லோரும் ஒரு மிஷின் சர்வீஸுக்கு 599 ரூபாய் வாங்குகிறார்கள், நான் 449தான் வாங்குகிறேன், பையன்களும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், கஸ்டமரைத் திருப்திப்படுத்த இன்னும் என்ன செய்ய வேண்டும், ரேட்டை 399க்குக் குறைக்கட்டுமா" என்று கேட்கிறீர்கள். ஆனால் அதே கேள்வியில், சண்டை போட்டவர்கள் ஐந்தாறு பேர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மீதி ஆட்கள் அன்றைக்குத் திருப்தியோடுதான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். திருப்தியாக இருந்தவர் அடுத்த மார்ச்சில் ஏன் உங்கள் நம்பரைத் தேடவில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு 1996இல் மும்பைக்கு வந்தவன். எட்டு வருஷம் ஒரு சர்வீஸ் டீலரிடம் வேலை பார்த்தேன், 2004இலிருந்து சயான் கோலிவாடாவில் சொந்தத் தொழில். இப்போது மூன்று டீம் ஓடுகிறது, போனும் கணக்கும் வீட்டுக்காரம்மா கையில். வீட்டு ஏ.சி., சின்னக் கடை, டாக்டர் கிளினிக், இவ்வளவுதான் என் அனுபவம். மாலில் ஓடும் சென்ட்ரல் பிளான்ட், ஆபீஸ் டவர் மாதிரி இடங்களில் காண்ட்ராக்ட் வேறு, பேச்சும் வேறு. அதற்கு நான் சொல்வது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குறைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீம் ஒரு நாளில் ஒழுங்காக ஆறு மிஷின் செய்யலாம். 449 என்றால் 2,694 ரூபாய். இரண்டு பையன்களுக்குக் கூலி 1,700 போகும், பெட்ரோல், கெமிக்கல், ஜெட் பம்ப் தேய்மானம், சாப்பாடு என்று ஒரு 300. மிச்சம் எழுநூறுக்கும் குறைவு, அதில் உங்கள் வீட்டு வாடகை, போன், ஜூலை ஆகஸ்டில் வேலையில்லாத நாள் சம்பளம் எல்லாம் வர வேண்டும். வராது. வராதபோது இரண்டில் ஒன்று நடக்கும். ஆறுக்குப் பதிலாக ஒன்பது மிஷின் என்று ஓடுவீர்கள், வேலை கெடும். இல்லையென்றால் பையன் வீட்டுக்குள் போய் "கேஸ் கம்மியா இருக்கு ஆண்டி, டாப்-அப் போடணும்" என்று ஆரம்பிப்பான். 599 வாங்கினால் அதே ஆறு மிஷினில் 900 ரூபாய் கூட வரும். பையன் பொய் சொல்லாமல் இருப்பதற்கான காசு அந்த 900 ரூபாய்தான்.

கேஸ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் தொழிலில் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கஸ்டமர் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்து போகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, லீக் இருந்தால் ஒழிய குறையாது. பைப்பை இணைக்கிற பிளேர் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டது, காயிலில் ஊசிமுனை ஓட்டை, பைப் அதிர்ந்து அதிர்ந்து எங்கோ உரசித் தேய்ந்தது, இப்படி ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும். அதனால் "வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும்" என்று யார் சொன்னாலும் அது பொய், இல்லையென்றால் லீக்கைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு குறிப்பிட்ட மிஷினில் கேஸ் கம்மியா இல்லையா என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. நல்ல பையன்களே இதில் தப்புச் செய்கிறார்கள். பில்டர் அழுக்கடைந்து காயிலில் காற்றுப் போகவில்லை என்றாலும் சக்‌ஷன் பிரஷர், அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்புகிற கேஸின் அழுத்தம், இறங்கும், காயிலில் ஐஸ் கட்டும். கேஸ் கம்மியானாலும் அதேதான். வீட்டுக்குள் போனதும் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு கேஸ் கம்மி என்று சொல்கிறவன் பாதி நேரம் அழுக்கை அளந்துவிட்டு வருகிறான். முதலில் கழுவி, அப்புறம் இருபது நிமிஷம் ஓட விட்டு, அதற்குப் பிறகுதான் கேஜ் என்பது எங்களிடம் மாறாத வழக்கம். பழைய ஆர்-22 கேஸ் மிஷினில் ஓடும்போது 60, 70 பி.எஸ்.ஐ. காட்டினால் சரி, ஆர்-410, ஆர்-32 என்றால் 110க்கு மேல் இருக்கும். ஆனால் இன்வெர்ட்டர் மிஷினில் கம்ப்ரஸர் வேகத்துக்குத் தகுந்தாற்போல் பிரஷரும் ஏறி இறங்குவதால் கேஜ் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டெஸ்ட் மோடில் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் மிஷின் எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் எடுக்கிறது என்று பார்த்து, உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்றும் பார்க்க வேண்டும். சாதாரணமாக 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். நம்ம ஊர் ஜூலை ஈரத்தில் அது குறைந்து தெரிவதும் உண்டு, மிஷினின் சக்தியில் ஒரு பங்கு காற்றிலிருக்கும் தண்ணீரை வடிப்பதற்கே போய்விடுவதால். இதெல்லாம் தெரியாமல் மழைக்காலத்தில் ஒரு வீட்டில் கேஸ் கம்மி என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கினால், வாங்கியவனுக்கு அது பொய் என்றுகூடத் தெரியாது. கஸ்டமருக்கு மட்டும் எட்டு மாதம் கழித்து, வேறொரு ஆள் வந்து சொல்லும்போது தெரியும்.

நான் முதலில் இருந்த டீலரிடம் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் மாதத்துக்கு இத்தனை கேஸ் ரீஃபில் என்று டார்கெட் இருந்தது. எட்டு வருஷத்தில் நானும் அப்படி எத்தனையோ வீட்டில் போட்டிருக்கிறேன். செம்பூர் கேம்ப் பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு மாஸ்டர் வீடு. மூன்று வருஷம் தொடர்ந்து கேஸ் போட்டோம். நான்காவது வருஷம் நான்தான் போனேன், அவர் கதவைப் பாதி திறந்து, "அந்தக் கேஸெல்லாம் எங்கே தம்பி போகுது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். வாத்தியாராக இருந்தவர் இல்லையா. எனக்குப் பதில் வரவில்லை. சொந்தமாகத் தொடங்கியபோது முதலில் எடுத்த முடிவே, லீக் எங்கே என்று கஸ்டமர் கண்ணால் பார்க்காமல் ஒரு கிராம் கேஸ்கூடப் போடக் கூடாது என்பதுதான். சோப்பு நுரை தடவி, குமிழி வருவதை வீட்டுக்காரருக்குக் காட்டு, அடைக்க எவ்வளவு ஆகும் என்று சொல், சரி என்றால் நைட்ரஜன் விட்டுச் சோதித்து, வேக்யூம் எடுத்து, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, மிஷின் பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனையை எடை வைத்துப் போடு. இதற்கு நேரம் அதிகம், காசும் அதிகம். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களிலும் சில பேர் அடுத்த வருஷம் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது திரும்பக் கூப்பிடாத உங்கள் 299 பேருக்கு வருகிறேன். நம் வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. துணி தைத்தால் போட்டுப் பார்க்கலாம், சாப்பாடு என்றால் வாயில் வைத்தால் தெரியும். ஏ.சி. சர்வீஸ் நன்றாகச் செய்தோமா இல்லையா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, ஏனோதானோவென்று கழுவினாலும் அன்றைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். அதனால் அவர் தனக்குத் தெரிகிறதை வைத்து நம்மை எடை போடுகிறார். பத்து மணி என்றால் பத்து மணிக்கு வந்தானா, போனில் சொன்ன தொகையும் பில்லில் இருக்கிற தொகையும் ஒன்றா, மெத்தை மேல் தண்ணி சொட்டியதா, ஏணியை டைல்ஸ் மேல் இழுத்தானா. பையன் மரியாதையாகப் பேசினான் என்பது நல்லதுதான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வராதவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது எடுபடாது.

இது என் சொந்த ஊகம் மட்டும் இல்லை. மகள் மேனேஜ்மென்ட் படித்தபோது அவள் பாடத்தில் ஒரு விஷயம் காட்டினாள். 1980களில் அமெரிக்காவில் பரசுராமன், ஜெய்தம்ல், பெர்ரி என்று மூன்று பேராசிரியர்கள், சர்வீஸின் தரத்தை ஜனங்கள் எப்படி அளக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். பரசுராமன் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட துறைகளில் வங்கி, கிரெடிட் கார்டு எல்லாவற்றோடும் ரிப்பேர் சர்வீஸும் ஒன்று. கடைசியில் ஐந்து அம்சமாக அதைப் பிரித்தார்கள்: சொன்னதைச் செய்வது, சட்டென்று கவனிப்பது, நம்பிக்கை தருகிற அறிவும் பண்பும், கஸ்டமர் நிலையை உணர்வது, கண்ணுக்குத் தெரிகிற சுத்தமும் தோற்றமும். அதில் திரும்பத் திரும்ப முதலிடத்தில் வந்தது, சொன்னதைச் சொன்னபடி செய்வது. அதைப் படித்தபோது எனக்கு மாட்டுங்காவில் ஒரு அம்மா ஞாபகம் வந்தார்கள். மூன்று வருஷம் எங்களிடம் சர்வீஸ் செய்தவர்கள் திடீரென்று நின்றுவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது நானே கேட்டேன். "உங்க பையன் வேலையில ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா பத்து மணின்னு சொல்லி மூணு மணிக்கு வந்தான், நான் அன்னிக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன்" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒரு வார்த்தைகூடக் கோபமாகச் சொல்லவில்லை, பணம் கொடுத்து, டீயும் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் நோட்டில் அது நல்லபடியாக முடிந்த வேலை. உங்கள் 299 பேரில் நிறைய பேர் இந்த அம்மா மாதிரி இருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் நேரத்தைக் கையாளுவதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யை இன்டோர், அவுட்டோர் இரண்டும் பம்ப் போட்டு ஒழுங்காகக் கழுவ ஐம்பது நிமிஷம் ஆகும். அதற்கு முன் சொசைட்டி கேட்டில் என்ட்ரி, வாட்ச்மேன் மாடிக்குப் போன் செய்து கேட்பது, பைக் நிறுத்த இடம், சர்வீஸ் லிப்ட் வருகிற வரைக்கும் நிற்பது, இதில் பதினைந்து இருபது நிமிஷம். செம்பூரிலிருந்து முலுண்ட் என்றால் ரோட்டைச் சொல்லவே வேண்டாம். ஆக ஒரு டீமுக்கு ஆறு மிஷின் என்று நான் சொன்னது வீடுகள் ஒரே பக்கமாக இருந்தால்தான். மே மாதத்தில் போன் ஓயாமல் அடிக்கும்போது எல்லோரும் பத்து, பன்னிரண்டு என்று எழுதிக்கொள்கிறார்கள், அங்கேதான் சொன்ன சொல் போகிறது. எங்கள் வீட்டம்மா மூன்று காரியம் செய்கிறார்கள். பத்து மணி என்று சொல்வதில்லை, பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றுதான் சொல்வார்கள். திங்கள் செம்பூர், செவ்வாய் மாட்டுங்கா சயான், புதன் காட்கோபர் முலுண்ட் என்று பக்கம் பிரித்துத்தான் கொடுப்பார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் பன்னிரண்டு அடிப்பதற்கு முன்னாலேயே போன் போய்விடும். அதே போன் பன்னிரண்டரைக்குப் போனால் அது சமாதானம் சொல்வது, பதினொன்றே காலுக்குப் போனால் அவர் குளித்துவிட்டு வரலாம், கடைக்குப் போய் வரலாம். இரண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அப்புறம், மே மாதத்தில் இல்லை என்று சொல்லப் பழகுங்கள். "வியாழக்கிழமைதான் முடியும் சார், அதற்கு முன்னால் வேண்டுமானால் வேறு ஆள் பாருங்கள்" என்று சொல்வது முதல் வருஷம் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. பாதிப் பேர் போய்விடுவார்கள். போனவர்களால் நஷ்டம் எவ்வளவு என்று யாராலும் துல்லியமாக அளக்க முடியாது, ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் அந்த வீடு நிச்சயமாகப் போச்சு, அவர்கள் பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் பில்டிங்கே போச்சு.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது, அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. உங்கள் நம்பர் அவர்களிடம் இல்லை. நான் வீடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன், போனில் 'ஏசி வாலா' என்று நான்கு நம்பர் இருக்கும், 'ஏசி வாலா நியூ' என்று ஒன்று. யார் நன்றாகச் செய்தான், யார் ஏமாற்றினான் என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. இன்டோர் யூனிட் பேனலைத் திறந்தால் உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்கள் பெயர், நம்பர், சர்வீஸ் செய்த தேதி, ஆம்ப்ஸ் எவ்வளவு, காற்றின் டிகிரி வித்தியாசம், மாற்றிய சாமான் என்ன. இது விளம்பரத்துக்கு மட்டும் இல்லை. அடுத்த முறை போகிற பையன் அதைப் படித்து, "போன தடவை 5.8 ஆம்ப்ஸ் எடுத்தது, இப்போ 7 எடுக்குது, அவுட்டோர் அடைச்சிருக்கு பாருங்க" என்று சொல்ல முடியும். கழுவுவதற்கு முன்னும் பின்னும் அவுட்டோர் காயிலை போட்டோ எடுத்து அனுப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிற வழி இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

கம்ப்ளைண்ட் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சர்வீஸ் முடிந்த மறுநாள் இன்டோரிலிருந்து தண்ணி சொட்டினால், பெரும்பாலும் கழுவிய அழுக்கு டிரெயின் பைப்பில் போய் அடைத்திருக்கும். அது நம் தப்பு. அன்றைக்கே போக வேண்டும், காசு கேட்கக் கூடாது. அதற்கென்று ஒவ்வொரு டீமுக்கும் மாலையில் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம், சீசனிலும். சில நாள் அது வீணாகும், பரவாயில்லை. இதில் ஒரு எச்சரிக்கை. தப்பு செய்துவிட்டு அதைப் பிரமாதமாகச் சரிசெய்தால், தப்பே செய்யாதவனைவிட உன்மேல் கஸ்டமருக்கு அதிகப் பற்று வரும் என்று தொழில் வகுப்புகளில் சொல்கிறார்கள். அதை நம்பி மெத்தனமாக இருக்காதீர்கள். இது பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2007இல் வந்தது. அதில், திருப்தி கூடுவது தெரிந்ததே தவிர, திரும்ப வருகிற எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. என் நோட்டும் அதைத்தான் சொல்கிறது. சரிசெய்து கொடுத்தவர்கள் மனசார நன்றி சொன்னார்கள், ஆனால் மற்றவர்களைவிட அதிகமாகத் திரும்ப வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதே மாதிரி, "கஸ்டமர் இழப்பை 5 சதவீதம் குறைத்தால் லாபம் 25இலிருந்து 85 சதவீதம் கூடும்" என்று ஒரு கணக்கை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அது 1990இல் அமெரிக்காவில் வங்கி, கிரெடிட் கார்டு மாதிரித் துறைகளை வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு பையன், ஒரு பைக், ஒரு ஜெட் பம்ப் வைத்திருக்கிற உங்களுக்கும் எனக்கும் அதே எண் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வருஷக் காண்ட்ராக்ட், அதாவது ஏ.எம்.சி. போடலாமா என்றால், போடுங்கள், ஆனால் யோசித்து. நம் சீசன் மார்ச் நடுவிலிருந்து மழை வருகிற வரைக்கும், அப்புறம் அக்டோபர் வெயிலில் ஒரு மாதம். மும்பைக்குப் பருவமழை வருகிற வழக்கமான தேதி ஜூன் 11. 2025இல் மே 26ஆம் தேதியே இறங்கிவிட்டது, இரண்டு வாரச் சம்பாத்தியம் அப்படியே போனது. ஏ.எம்.சி. வைத்திருந்ததால்தான் அந்த ஜூனில் பையன்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடிந்தது. ஆனால் கேஸும் காயிலும் சேர்த்து எல்லாம் அடக்கம் என்று போடும் காண்ட்ராக்டைக் கடல் பக்கமும் கழிமுகம், சாக்கடை வாய்க்கால் பக்கமும் இருக்கிற வீடுகளுக்குக் கொடுக்காதீர்கள். உப்புக் காற்றும் சாக்கடை வாயுவும் காப்பரை அரித்துவிடும், நீங்கள் எவ்வளவு நன்றாகச் சர்வீஸ் செய்தாலும். மாஹுல் பக்கம், மித்தி ஆற்று ஓரம் எல்லாம் இரண்டு மூன்று வருஷத்திலேயே காயில் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வருஷத்துக்கு மூன்று சர்வீஸ், ரிப்பேர் தனிக் காசு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு, சர்வீஸில் குறைபாடு என்று நுகர்வோர் கமிஷனுக்குப் போக அவர்களுக்கு இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. பில்லும் கட்டாயம் கொடுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாமல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இருந்தால் பில்லில் ஜி.எஸ்.டி. என்று போட்டு வாங்கக் கூடாது, இதைத் தெரியாமல் நிறைய பேர் செய்கிறார்கள்.

பையன்களைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. கஸ்டமர் வீட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தான். நீங்கள் அவர்களை எப்படி நடத்துகிறீர்களோ அதுதான் அங்கே போய் நிற்கும். ஒரு வீட்டுக்கு முடிந்தவரை அதே பையனை அனுப்புங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில், முகம் தெரிந்த பையன் வருகிறான் என்பதற்காகவே ரேட் கேட்காமல் கூப்பிடுகிறார்கள். கமிஷன் கொடுக்காதீர்கள், சம்பளம் கொடுங்கள், வேலையில்லாத ஆகஸ்டிலும் கொடுங்கள். ஆகஸ்டில் விட்டுவிட்டால் மார்ச்சில் புதுப் பையன் தேட வேண்டும், கஸ்டமருக்கு அவன் யாரோ.

அப்புறம் அவுட்டோர் யூனிட். பதினைந்தாவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே இரும்பு பிராக்கெட்டில் மிஷினை மாட்டி வைத்திருப்பார்கள், "போன தடவை வந்தவன் இறங்கிச் செய்தான்" என்று வீட்டுக்காரர் சொல்வார். பெல்ட் இல்லாமல், கொக்கி மாட்ட உறுதியான இடம் இல்லாமல் எந்தப் பையனையும் வெளியே இறக்காதீர்கள். அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், கஸ்டமர் கோபித்துக்கொண்டு போகட்டும். லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டர் கைவசம் இல்லையென்று ஆக்சிஜனை விடுகிற பழக்கம் இன்னும் சில சந்துகளில் இருக்கிறது. கம்ப்ரஸர் ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ், அது உள்ளே இருக்கும்போது பைப்பைப் பற்றவைக்கிற பிரேசிங் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்கள் பையன்களுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே கேளுங்கள். 2011இல் எனக்குத் தெரிந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, அவுட்டோர் பிராக்கெட் பிடுங்கிக்கொண்டு விழுந்தான். என்னிடம் வேலை பார்த்தவன் இல்லை, ஆனால் அவனுக்குப் பைப் வளைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், முதலாளியும் சீக்கிரம் முடித்துவிட்டு வா என்றார். அன்றைக்கு யாராவது ஒருவர் "நாளைக்குப் பெல்ட்டோடு வருகிறோம்" என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது ஆகஸ்ட், வேலை குறைவாகத்தான் இருக்கும். போன வருஷ நோட்டை எடுத்து, திரும்பக் கூப்பிடாத 299 பேருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வீதம் போன் செய்யுங்கள். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள், நீங்களே பேசுங்கள், பையனிடம் விடாதீர்கள். ஆஃபர் எதுவும் சொல்ல வேண்டாம். "போன வருஷம் உங்கள் வீட்டு ஏ.சி. நாங்கள் சர்வீஸ் செய்தோம், இந்த வருஷம் யாரைக் கூப்பிட்டீர்கள், எங்களிடம் என்ன சரியில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். நிறைய பேர் வைத்துவிடுவார்கள். சொல்கிறவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், நடுவில் காரணம் சொல்லாதீர்கள். நான் மேலே ஊகமாகச் சொன்னது சரியா என்பதும் அப்போதுதான் தெரியும், ஒருவேளை உங்களிடம் நேரத்தில் குறையே இல்லாமல் வேறு ஏதாவது இருக்கலாம். ஒரு ஐம்பது பேர் பேசியதும் அவர்கள் சொன்னதை இங்கேயே எழுதுங்கள், பெயர் எல்லாம் வேண்டாம். நானும் வீட்டம்மாவும் உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் போடுகிறோம்.